நெடுந்தீவுக்கு அம்மாவைக் கூட்டிவர எந்த மாதம்?

ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"அம்மாவுக்கு 76 வயது. நெடுந்தீவில் பிறந்தவர். முழங்கால் நோ இருக்கிறது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார், மற்றப்படி சுகம். ஒருக்கால் பிறந்த வளவைப் பார்க்க வேண்டும், நல்லூர்த் தேரையும் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு 13, 9 வயது. கடலில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஜூலை, ஓகஸ்டில்தான் நீண்ட லீவு. டிசெம்பரில்தான் இலங்கைக்கு சீசன், இணையம் எல்லாம் அப்படித்தான் சொல்லுது, அப்போது போவோம் என்கிறார் என் அண்ணா. நாகபட்டினத்தில் இருந்து கப்பலிலும் வரலாமாம். இந்த 2026இலோ அடுத்த ஆண்டிலோ வரலாம் என்று இருக்கிறோம். யாழ்ப்பாணத்துக்கும் தீவுகளுக்கும் எந்த மாதம் நல்லது?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் அண்ணா பார்த்தது பிழையான தகவல் இல்லை. ஆனால் அது காலிக்கும் மிரிஸ்ஸவுக்கும் போகிறவர்களுக்காக எழுதியது. டிசெம்பரில் தெற்குக் கரையில் வெயில் எறிக்கும், கடல் தணிந்து கிடக்கும். அதே கிழமையில் எங்களுக்கு வடகீழ்ப் பருவக்காற்று. இலங்கையின் தென்பாதி நடுவில் மலை நிற்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேல் காற்று அந்த மலையில் மோதி, கொழும்பு, இரத்தினபுரிப் பக்கம் மழையைக் கொட்டிவிடுகிறது. எங்கள் நிலம் தட்டை. மோதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் எங்களுக்குக் காற்று மட்டும்தான் வரும், மழை வராது. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிற மழை ஏறக்குறைய 1200, 1300 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் டிசெம்பர் முடிவுக்கும் இடையில் வந்துவிடும். அதிலும் நவம்பர்தான் உச்சம். கொழும்பை வைத்துப் போட்ட கணக்கில் யாழ்ப்பாணத்துக்கு லீவு எடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற குடும்பங்கள் பலருக்கு இந்த ஒரு இடத்தில்தான் பயணம் பிசகுகிறது.

எல்லாரும் என்னிடம் மழையைப் பற்றித்தான் கேட்பார்கள். தீவுக்குப் போக இருக்கிறவர் மழைக்கு முதல் காற்றைக் கேட்க வேண்டும். மழை உங்களை நனைக்கும், அவ்வளவுதான். காற்று படகையே நிறுத்திவிடும். படகு நின்றால் நெடுந்தீவு இல்லை, உங்கள் அம்மாவின் வளவும் இல்லை.

ஜூலை, ஓகஸ்டில் இங்கே சோளகம், அதாவது அந்தத் தென்மேல் காற்று, நன்றாகப் பிடித்திருக்கும். அந்த மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் கேட்டுப் பாருங்கள். சிலாபம் தொடங்கி மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்று பலமாக வீசும் என்ற வரி அடிக்கடி வரும். அந்தப் பரப்புக்குள்தான் நெடுந்தீவும் கிடக்கிறது. தீவுப் படகுகள் புறப்படும் இறங்குதுறையான குறிகட்டுவானில் இருந்து நயினாதீவு கிட்ட. இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம், சோளகத்திலும் அந்தத் துண்டு பெரிய கரைச்சல் தராது. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். புங்குடுதீவின் மறைப்பு முடிந்து வெளிக்கடலுக்கு வந்ததும் காற்று படகின் முகத்துக்கு நேரே அடிக்கும். முன்பக்கமான அணியம் எழும்பி விழ விழத் தண்ணீர் சிதறி உள்ளே வரும். ஆட்களை அப்போது கீழே இறங்கி இருக்கச் சொல்வார்கள். கீழே டீசல் மணமும் வெக்கையும். பிள்ளைகள் கொஞ்சம் சிரித்துவிட்டுப் பிறகு சத்தி எடுப்பார்கள்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. கடலைப் பற்றி யோசிக்கும்போது பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இறங்குதுறையில் படகுகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கட்டியிருந்தால், முதல் படகில் ஏறி அதைக் கடந்துதான் அடுத்ததில் கால் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓரடி இடைவெளி. அலை வரும்போது அது கூடும், குறையும். ஒரு விளிம்பு மேலே போகும், மற்றது கீழே போகும். பிறகு படகுக்குள் இறங்கச் செங்குத்தான படிகள். கடல் அடங்கியிருக்கும் மாதத்தில் இரண்டு பக்கமும் ஒருவர் கை கொடுத்தால் உங்கள் அம்மா சாதாரணமாக ஏறிவிடுவார். சோளகத்தில் அந்த ஓரடிதான் 76 வயது முழங்காலுக்கு முழுப் பயணத்திலும் ஆபத்தான இடம். நான் எந்த மாதத்தைச் சொல்லப்போகிறேன் என்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இனி நல்லூர். நல்லூர்க் கொடியேற்றம் ஆங்கிலத் திகதியைப் பார்த்து வருவதில்லை. ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் கொடி ஏறும், 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையை ஒட்டித் தீர்த்தம். 2025இல் ஜூலை 29 கொடியேற்றம், ஓகஸ்ட் 21 தேர். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பலர் இந்த ஆண்டுக்கும் விசாரிக்கிறார்கள். ஆனால் 2026இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 12ஆம் திகதி வருகிறது. கொடியேற்றம் ஓகஸ்ட் நடுப்பகுதியைத் தாண்டிவிடும். தேர் செப்டெம்பர் இரண்டாம் கிழமைக்குப் போய்விடும். அதற்குள் கனடாவில் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும். ஓகஸ்ட் 25இல் திரும்புகிற மாதிரி ரிக்கெற் எடுத்தால் கொடியையும் சில மாலைத் திருவிழாக்களையும் பார்க்கலாம், தேரைப் பார்க்க முடியாது. 2027இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் தொடக்கத்திலேயே வருவதால், தேர் அந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடும். ஆகவே தேர்தான் முக்கியம் என்றால் இந்த ஆண்டை விட்டு 2027க்கு வையுங்கள். கோயிலின் அறிவித்தலோடு திகதியைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அந்த நாட்களில் வருவதென்றால் வெக்கையை அறிந்து வாருங்கள். சித்திரையில் ஒருமுறை எங்கள் தலைக்கு நேரே வந்துபோன சூரியன், ஓகஸ்ட் கடைசியில் இரண்டாம் முறை உச்சம் கொடுக்கும். காற்று அடிப்பதால் வேர்வை தெரியாது. உடம்பில் தண்ணீர் குறைவதும் தெரியாது. இரவிலும் 27 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் இருக்கும். தேர் காலையிலேயே இழுக்கப்படும் என்பது ஒரு நல்ல விஷயம். விடிய முதல் கோயிலடிக்குப் போய், நிழல் விழுகிற பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு சின்னக் கதிரை போட்டு இருத்துங்கள். தேர் இருப்புக்கு வந்ததும் புறப்பட்டுவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கோயிலைச் சுற்றி வீதிகளை மூடிவிடுவார்கள், வாகனம் கிட்ட வராது. நடந்து போகக்கூடிய தூரத்தில் விடுதி எடுக்க வேண்டும், அதற்குப் பல மாதம் முதலே சொல்லிவைக்க வேண்டும்.

பிள்ளைகளின் கடல் குளியலுக்கும் காற்றுத்தான் கணக்கு. காரைநகர்க் கசூரினா கடற்கரை வடக்குப் பார்த்தது. சோளகக் காலத்தில் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிப்பதால் அங்கே தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும், நெடுந்தூரம் இடுப்பளவுதான். ஆனால் அதே காரணத்தால் காற்றடைத்த வளையம், மிதவைப் படுக்கை ஒன்றையும் அங்கே கொடுக்க வேண்டாம். 9 வயதுப் பிள்ளை வளையத்தோடு கரையில் இருந்து தள்ளிப்போக இரண்டு நிமிடம் போதும். பார்க்கிறவருக்குக் கடல் அமைதியாகத்தான் தெரியும். வேலணைச் சாட்டிக் கடற்கரை மறுபக்கம் பார்த்தது, சோளகத்தில் கலங்கிவிடும். வடகீழ்க் காற்று அடிக்கும் வாடைக் காலத்தில் இது தலைகீழ்: கசூரினாவில் கடல் தாவரமான சாதாளை ஒதுங்கும், சாட்டி அடங்கியிருக்கும். வாகனம் ஓட்டுகிறவரிடம் கடற்கரை என்று மட்டும் சொன்னால் பழக்கத்தில் கசூரினாவுக்கே விடுவார். மாதத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.

டிசெம்பரைப் பற்றி அண்ணாவுக்கு ஒரு பதில் தர வேண்டும். மழை நாள் முழுக்க, மாதம் முழுக்கப் பெய்துகொண்டிருக்கும் என்று இல்லை. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் மூன்று நான்கு நாள் விடாமல் கொட்டும். பிறகு கழுவித் துடைத்த மாதிரி வெளிக்கும். சில ஆண்டுகளில் நத்தார்க் கிழமை நல்ல வெயிலாகவே போகும். ஆனால் இரண்டு கிழமைப் பயணத்தில் நான்கு நாள் அறைக்குள் இருப்பதும், அந்த நான்கில் ஒன்று நெடுந்தீவு நாளாக இருப்பதும் உங்களுக்குத் தாங்காது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசெம்பரில் புரெவி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா என்று புயல்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலும் டிசெம்பர் 22, 23இல் வந்ததே. வாடை பிடித்தால் வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையில் கடல் எழும்பும், தீவுப் படகுகளும் இடைக்கிடை நிற்கும். இன்னொன்று டெங்கு. வடக்கில் அது கூடுவது இந்த மழையோடும் மழைக்குப் பின்னான கிழமைகளிலும்தான். வளர்ந்தவர்களாக இருவர் வந்தால் நான் டிசெம்பரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குளம் எல்லாம் நிரம்பி, வயல் பச்சையாகி, யாழ்ப்பாணம் தன் முழு அழகோடு இருப்பது அந்த மாதத்தில்தான். முதியவரும் சின்னப் பிள்ளையும் இருப்பதால்தான் மறுக்கிறேன்.

அப்படியென்றால் எப்போது? தைப்பொங்கலுக்குப் பிறகு மழை பின்வாங்கத் தொடங்கும். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. அதற்கு வாடை வேண்டும், ஆகவே அன்றைக்குக் கடல் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. ஜனவரி கடைசியில் இருந்து ஒவ்வொரு கிழமையும் காற்று இளகும். பகல் 29 பாகையளவு, இரவு 22, 23. அம்மாவுக்கு மெல்லிய சால்வை போதும். கிணறுகளில் நல்ல தண்ணீர் நிற்கும். தீவகத்து ஆழமில்லாக் களப்புகளில் பூநாரைகள் நிற்கும்; பண்ணைப் பாலம் தாண்டியதும் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் இருத்துங்கள். நெடுந்தீவுக் குதிரைகளும் மழைக்குப் பிறகான இந்த மாதங்களில்தான் புல்லும் தண்ணீரும் கண்டு உடம்போடு நிற்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் அவை தண்ணீருக்கு அலைவதைப் பார்க்க மனம் பொறுக்காது. விடிகாலையில் பனி இருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். மூட்டு நோ உள்ளவர் விடியப்புறம் ஐந்து மணிக்கு வெளியே நிற்க வேண்டாம், அவ்வளவுதான் கவனம்.

மார்ச் வந்ததும் வாடையும் இல்லை, சோளகமும் இல்லை. கடல் கண்ணாடியாகக் கிடக்கும் மாதம் அது. பகல் வெக்கை ஏறத் தொடங்கியிருக்கும், ஆனால் சித்திரை அளவுக்கு இல்லை. உங்கள் ஒன்ராறியோப் பள்ளிகளுக்கு மார்ச் நடுவில் ஒரு கிழமை லீவு வரும். அதோடு இன்னொரு கிழமையைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். இரண்டு கிழமை, 2027 மார்ச்: நெடுந்தீவுக்கு என் பதில் இதுதான். இதைவிடச் சுகமாக உங்கள் அம்மா அந்த இறங்குதுறையில் கால் வைக்கக்கூடிய மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கணக்குக்குள் வேறு இல்லை. பிள்ளைகளை விட்டு நீங்களும் அம்மாவும் மட்டும் வரலாம் என்றால் பெப்ரவரி இன்னும் நல்லது.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே வெயில் 33, 34 பாகை. உணருவது அதைவிடக் கூட. பின்னேரங்களில் இடிமழை ஒன்று வந்து போகும். கடும் வெயில் எறிக்கும் காண்டாவன நாட்களில் பிரஷர் உள்ளவரைக் கூட்டிவருவது நல்லதில்லை. நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் சாப்பிட ஆசைப்பட்டு வருகிற இளம் ஆட்கள் வரட்டும். ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா, அதுவும் சோளகம்தான், ஆனால் முன்பு சொன்னபடி அந்தக் கடல் குறுகியது. செப்டெம்பர் கடைசியில் காற்று விழுந்து, மழை தொடங்க முதல் இரண்டு மூன்று கிழமை ஒரு இடைவெளி கிடைக்கும். லீவுக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு அது நல்ல நேரம்.

மார்ச்சில் வருவதாக வைத்துக்கொண்டு இரண்டு ஏற்பாடு சொல்கிறேன். நெடுந்தீவைப் பயணத்தின் கடைசி நாட்களுக்குத் தள்ளாதீர்கள். வந்து இளைப்பாறிய மூன்றாம், நான்காம் நாளில் வையுங்கள். ஏதாவது காரணத்தால் படகு இல்லையென்றால் மறுநாளும் அதற்கு மறுநாளும் கையில் இருக்கும். காலையில் முதல் படகைப் பிடியுங்கள். நகரத்தில் இருந்து குறிகட்டுவானுக்கு வாகனத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆகவே வெள்ளன எழும்ப வேண்டும். போகிற படகு, வருகிற படகு இரண்டினதும் நேரத்தை முதல்நாள் அங்கேயே விசாரியுங்கள், இணையத்தை நம்ப வேண்டாம். படகில் அம்மாவை முன்பக்கம் இருத்தாதீர்கள். நடுவுக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் ஆட்டம் குறைவு. மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோ ஒன்றை நாள் முழுவதற்கும் பேசிக்கொள்ளுங்கள். முதலில் அம்மாவின் வளவுக்குப் போங்கள். கோட்டை, பெருக்கமரம், புறாக்கூடு எல்லாம் பிறகு. வெயில் ஏறிய பிறகு அவர் களைத்துவிட்டால் மிச்சத்தைப் பிள்ளைகள் மட்டும் பார்த்து வரட்டும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் ஓர் இரவு அங்கே தங்குங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புவது 76 வயதுக்கு ஓட்டமாகிவிடும், அயலட்டையில் பழைய ஆட்கள் இருந்தால் இருந்து கதைக்கவும் நேரம் கிடைக்காது.

நயினாதீவை வேறொரு நாளில் வையுங்கள், பௌர்ணமி நாளில் மட்டும் வேண்டாம். அங்குள்ள பௌத்த நாகவிகாரைக்கு நாட்டின் தெற்கில் இருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து, குறிகட்டுவானில் வரிசை வெயிலில் நீண்டு நிற்கும். 2027 மார்ச்சில் பௌர்ணமி 22ஆம் திகதி, திங்கட்கிழமை. ஆகவே அதற்கு முந்திய சனி, ஞாயிறும் சேர்ந்து கூட்டமாக இருக்கும்.

கப்பல் விஷயம். நாகபட்டினம், காங்கேசன்துறைச் சேவையும் இதே காற்றுக்குக் கட்டுப்பட்டதுதான். 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய ஓட்டம் வடகீழ்க் காலநிலை வந்ததும் சில நாளிலேயே நின்றது. 2024 ஓகஸ்டில்தான் திரும்பத் தொடங்கியது. அண்ணா ஆசைப்படுகிற டிசெம்பரில் அதை நம்பித் திட்டம் போட முடியாது. அம்மாவுக்கு விமானம்தான் சரி. கட்டுநாயக்காவில் இறங்கினால் அன்றே யாழ்ப்பாணத்துக்கு ஓட வேண்டாம், அனுராதபுரத்தில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலையில் வாருங்கள்.

இனி நீங்கள் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வளவா, தேரா? இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். 2027 ஓகஸ்ட் கடைசியில் வந்தால் தேர் நிச்சயம், நெடுந்தீவு அன்றைய காற்றைப் பொறுத்தது. மார்ச்சில் வந்தால் நெடுந்தீவுக்குப் போவது ஏறக்குறைய நிச்சயம், தேர் இல்லை; நல்லூரானை ஆறுதலாக, கூட்டமில்லாமல் கும்பிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வளவைத்தான் முதலில் வைப்பேன். ஆனால் இதை நானோ அண்ணாவோ தீர்மானிக்கக் கூடாது. அவரிடம் கேட்டு, பதில் என்ன என்று எழுதுங்கள். அதற்கு ஏற்ற மாதிரி நாள் நாளாக ஒரு திட்டம் போட்டு அனுப்புகிறேன்.